பித்தளைத் தகடு

இது வீட்டுக்குள் வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நாகமணி கடைக்காரர் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டாள்.

பிளானோவிலிருந்து முக்கால் மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார்கள். பெரிய ஹால். மேஜை மேஜையாகப் பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகள். எங்கெங்கோ நடந்த சண்டைகள் முடிந்து, உடம்பெல்லாம் கிரீஸோடு டெக்சாஸுக்கு வந்து படுத்திருந்தன.

அவள் புருஷன் கோபாலசாமிக்குப் பிடித்துப்போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் செய்த த்ரீ நாட் த்ரீ ரைஃபிள். கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். குழல், போல்ட், மரக்கட்டை என்று ஒவ்வொன்றிலும் விரல் வைத்து எண்ணைப் படித்தார். எல்லாவற்றிலும் ஒரே எண்.

"பாத்தியா நாகு, எல்லாம் ஒண்ணாப் பொறந்தது. அம்பத்தாறு வருஷமாப் பிரியவே இல்ல. அதுக்குத்தான் மதிப்பு."

இவ்வளவு மெதுவாக அவர் பேசிக் கேட்டு நாளாகிவிட்டது.

கோவையில் படிக்கும்போது என்.சி.சி. கேம்ப்பில் இதே ரகம் அவர் தோளை இடித்துக் கன்ற வைத்ததாம். அந்த ஆசையில்தான் இங்கே வந்து சேர்க்க ஆரம்பித்தார். ஏழு இருந்தன. இப்போது ஒன்றுமில்லை. நாகமணிக்குப் பயம், அதனால் கொடுத்துவிட்டேன் என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தார். உன் வீட்டுக்காரருக்குப் பெரிய மனசு என்று அந்த நண்பர்கள் கூட்டத்துப் பவளம் ஆன்ட்டிகூடச் சொன்னாள்.

கடைக்காரரிடம் அவர் இங்கிலீஷில் தன் பழைய கதையை எடுத்துவிட்டார். ஓர் ஆயுத பூஜை. கார் சாவி, கம்ப்யூட்டர், கத்தி, சுத்தியலோடு இவள் துப்பாக்கியையும் பூஜைக்கு வைத்தாள். வைத்ததோடு விட்டிருக்கலாம். கட்டையின் அடியில் பித்தளைத் தகடு கறுத்துக் கிடக்கிறதே என்று, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். ஐம்பது வருஷக் கறுப்பு! அந்தக் கறுப்புக்குத்தானே விலை? ஒரே காலையில் பாதி மதிப்பு போச்சு.

கடைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பார்ட்டிகளிலும் எல்லோரும் இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். கதை இங்கே முடிந்துவிடும்.

நாகமணியும் சிரித்தாள். எப்போதும் சிரிப்பாள்.

"என் ஒய்ஃப்தான் வாங்குறாங்க" என்று அவர் கடைக்காரரிடம் சொல்லியிருந்தார். பேருக்குத்தான், ஒரு கையெழுத்து, அஞ்சு நிமிஷ வேலை என்று வரும்போது காரில் அவளிடம் சொன்னார். அவள் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

படிவத்தில் பெயர், விலாசம். அதன் கீழே கேள்விகள். முதல் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றுக்கு ஒவ்வொன்றாக விடை குறித்துக்கொண்டு போனாள். போதைப் பழக்கம் உண்டா? இல்லை. சட்டத்துக்குத் தப்பி ஓடியவரா? இல்லை.

அடுத்ததில் பேனா நின்றது.

குடும்பத்தில் ஒருவரைத் தாக்கியதற்காக எந்தக் கோர்ட்டிலாவது குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்கிறதா?

அவள் இல்லை என்று குறிக்கலாம். அவரால் முடியாது; அப்படித் தீர்ப்பானவருக்கு இங்கே துப்பாக்கி விற்க மாட்டார்கள். அந்த ஆயுத பூஜையன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாள் போலீசைக் கூப்பிட்டாள். கோர்ட்டில் அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றபோது, நாகமணி கையில் மாவுக்கட்டோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கிகள் வீட்டை விட்டுப் போனது அந்த வாரம்தான்.

இல்லை என்று குறித்தாள்.

"முதல் கேள்வியை விட்டுட்டே பாரு. அதுக்கு மட்டும் யெஸ்னு போடு, நாகு" என்றார். குரல் இன்னும் மெதுவாகத்தான் இருந்தது.

உண்மையில் இதை வாங்குகிறவர் நீங்கள்தானா? வேறொருவருக்காக வாங்கினால் கடைக்காரர் உங்களுக்கு விற்க முடியாது.

நாகமணி இல்லை என்பதில் குறி போட்டாள். படிவத்தை அவர் பக்கம் காட்டாமல், கடைக்காரர் படிப்பதற்கு வாகாகத் திருப்பி வைத்தாள்.