ஆணியில் மாட்டாத நிழல்

தையல் ஆலையின் வாசல் சுவரில் வரிசையாக ஆணிகள். உள்ளே போகிறவர்கள் தங்கள் நிழலைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நிழல் கூடவே இருந்தால் அசதி வரும், உட்காரத் தோன்றும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. காலை வெயிலில் பொத்தான் தைக்கிறவள் மட்டும் கழற்றாமல் நிற்கிறாள். தரையில் அவள் நிழலின் வயிறு மேடிட்டுத் தெரிகிறது. "சட்டுனு கழட்டும்மா," என்று மேஸ்திரி கை நீட்டுகிறார். அவள் காலை நகர்த்தவில்லை. "என்னோடதக் கேட்டீங்க, இத்தனை நாளும் குடுத்தேண்ணே. இதுல எம்புள்ளையோடதும் இருக்கு. இன்னும் பொறக்காததுகிட்ட கேக்க நீங்க யாரு?" நீட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால், ஆணிகளில் தொங்கும் நிழல்கள் ஒவ்வொன்றாகச் சரிந்திறங்கி வந்து, அவள் நிழலைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்காருகின்றன. உள்ளே தையல் மிஷின்கள் ஓய்கின்றன.