ஏழாவது மயில்

பீரோவில் அத்தனை நகை இருக்க, ஒரே ஒரு புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு போனவனைத் திருடன் என்பதா, ரசிகன் என்பதா? பரிமளாவுக்கு அதுதான் ஆறவில்லை.

அது அவர்கள் வீட்டுத் தறியிலேயே நெய்த பட்டு. கத்தரிப்பூ நிறம், முந்தானையில் பத்து மயில். டிசைன் அட்டையை மாற்றிக் கோத்துவிட்டதில் ஏழாவது மயில் மட்டும் பின்னால் திரும்பிப் பார்க்கும். விற்க முடியாத சரக்கு என்று கணவர் தனசேகரன் தலையில் அடித்துக்கொண்டார். பரிமளாவோ அதுதான் அழகு என்று தனக்கே வைத்துக்கொண்டாள். அப்படி ஒரு மயில் ஆரணியில் வேறு எவளிடமும் கிடையாது.

வரலட்சுமி நோன்புக்குக் கட்டலாம் என்று பீரோவைத் திறந்தால், மயிலைக் காணோம். வெளியாள் என்று அந்த அறைக்குள் வந்து போனவன் ஒருவன்தான். இருபது வருஷமாக அவர்களுக்கு நெய்யும் காத்தவராயன். பீரோவை இடம் மாற்றித் தந்தது அவன்.

"பொடவ கிடைக்கிற வரைக்கும் நீ தறியில உக்கார வேணாம்" என்றாள் பரிமளா.

"என் கையால நெய்ஞ்சத நானே திருடுவனா அக்கா?" என்று கேட்ட காத்தவராயன், கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினான்.

தனசேகரன்தான் பரிந்து பேசினார். "அவன் அப்டிப்பட்டவன் இல்ல பரிமளா. ஒரு பொடவதானே, போனா போவுது, வுட்டுடு."

பரிமளா விடுகிற ரகமா? நிலத் தகராறில் தேசூர் நாத்தனார் ஹேமலதாவோடு பேச்சை முறித்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் அவள் மகள் கல்யாணத்துக்கு இங்கிருந்து ஒரு குண்டூசிகூடப் போகக் கூடாது என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டவள் பரிமளா.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பக்கத்து வீட்டு மணிமேகலை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, டீவியில பொம்பளைங்க போட்டி வருதுல்ல, அதுல ஒருத்தி உன் மயில் பொடவைய கட்டிகினு நிக்கறா! முதுகுப் பக்கம்தான் காட்டினான். மூஞ்ச பாக்கறதுக்குள்ள பால் பொங்கிடுச்சி, அடுப்பாண்ட ஓடிட்டேன்."

யூடியூபில் தேடினால் இல்லை. ஞாயிறு காலை பதினொன்றுக்கு ஒரே ஒரு மறுஒளிபரப்பு உண்டு. பரிமளா ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். "மூஞ்சி தெரியற மாதிரி பதிவு பண்ணிகினு வாங்க, ஆளைத் தூக்கிடலாம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அதுவரை வுட்டுடு, வுட்டுடு என்றிருந்த தனசேகரன் மளமளவென்று சட்டையை மாட்டினார். "கெளம்பு ஜல்தி, ரெக்கார்டிங் பொட்டி ஒண்ணு வாங்கிடலாம்." பரிமளாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கட்டினவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

கடைக்காரர் வேணுகோபால் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"அண்ணா, இந்தப் பெரிசு ஒரே நேரத்துல ரெண்டு சேனல பதியும். கடைக்கே இதான் மாட்டி வெச்சிருக்கேன். சின்னது அப்டி இல்ல. ஒண்ண பதிய ஆரம்பிச்சா, முடியற வரைக்கும் வேற சேனல் வராது."

"நடுவுல நிறுத்த முடியாதா?" என்றார் தனசேகரன்.

"பூட்டு நம்பர் போட்டாதான் நிக்கும். கொழந்தைங்க கை வெச்சிடக் கூடாதுல்ல?"

"அப்ப நமக்குச் சின்னதே போதும்." வீட்டு டீவியின் பழைய பெட்டியையும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டார்.

"திருடன புடிக்கறதுலகூடவா கஞ்சத்தனம்?" என்று பரிமளா வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

ஞாயிறன்று பத்தரைக்கே அவள் டீவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் செட் பண்ணியாச்சு என்றார் தனசேகரன். மணி பதினொன்று. திரையில் ஒரு சாமியார் தோன்றி, பொறுமையின் பெருமையைப் பேச ஆரம்பித்தார்.

"இன்னாங்க இது?"

"ஐயையோ, சேனல் நம்பர் மாறிப் போச்சே!"

பரிமளா ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினாள். பதிவு நடக்கிறது என்றது பெட்டி. பூட்டு நம்பர் தனசேகரனுக்கு மறந்து போயிருந்தது. பக்கத்து வீட்டு டீவியில் பார்க்கலாம் என்று மணிமேகலையைத் தேடி ஓடினாள். அவர்கள் களம்பூரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், கதவில் பூட்டு. திரும்பி வந்து வயரைப் பிடுங்கி மாட்டினாள். பெட்டி நிதானமாகக் கண் விழித்து, மறுபடி சாமியாரையே பிடித்துக்கொண்டது. பதினொன்றரைக்கு நிகழ்ச்சி முடிந்தபோது பரிமளா அழுதேவிட்டாள். தனசேகரன் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்துத் தேற்றினார்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் காத்தவராயன் நின்றான்.

"அக்கா, வேணு கடை டீவியில நம்ம மயில் ஓடிகினு இருக்குது. சீக்கிரம் வாங்க!"

"திருடன் யாருன்னு இன்னிக்கி தெரிஞ்சிடும். அது நீ இல்லன்னா, எல்லார் எதுர்லயும் உங்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்" என்று பரிமளா செருப்பை மாட்டினாள். தனசேகரன் வரவில்லை. திடீரென்று வயிறு சரியில்லையாம்.

கடையில் வேணுகோபால் யாருக்கோ பெரிய பெட்டியின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். "நேத்து பதினோரு மணிக்கு ரெண்டு சேனல ஒண்ணா பதிஞ்சிருக்குது பாருங்க. ஒண்ணுல சாமியாரு, இன்னொண்ணுல பொம்பளைங்க போட்டி."

"அந்தப் போட்டிய மொதல்லருந்து போடுங்க" என்றாள் பரிமளா.

கத்தரிப்பூ முந்தானை வந்தது. ஏழாவது மயில் திரும்பிப் பார்த்தது. புடவையைக் கட்டியிருந்தவளும் திரும்பினாள். ஹேமலதா!

"புடவை பிரமாதமா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று நிகழ்ச்சி நடத்தும் பெண் மைக்கை நீட்டினாள்.

"வாங்கலீங்க. எம்பொண்ணு கல்யாணத்துக்கு எங்க தனசேகரன் அண்ணன் எடுத்தாந்த பொறந்த வூட்டு சீரு!" என்றாள் ஹேமலதா, முகமெல்லாம் சிரிப்பாக.