கட்டை வெட்டக் கூடாது

“மாவுக்கட்ட இப்பவே வெட்டணும், ஐயா. உத்தரவு குடுங்க.”

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸும் கேட்கக்கூடாதது அது. ஆஸ்பத்திரிப் பொறுப்பையும் பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வேதமுத்து முறைத்தார்.

“தொழிலாளர் லயத்துல மொத பட்டதாரிங்கிற திமிரா, பவுலின்? கால் ஒடஞ்சா வலிக்கத்தான் செய்யும். ரெண்டு பனடோல் குடு.”

“குடுத்தாச்சுங்க, கேக்கல. உள்ளுக்குள்ள வீங்கி கட்டு இறுக்குது. பெருவிரல லேசா நிமித்துனாலே ஒரே அலறல். இன்னும் தாமதிச்சா கால எடுக்க வேண்டி வரும்.”

“டாக்டர் கையெழுத்து இல்லாம கட்டுல கை வைக்கக் கூடாது. நோயாளி கெஞ்சுனாலும் கேக்கக் கூடாது. டாக்டரய்யாவே எழுதி ஒட்டுன சட்டம். சும்மாவே கத்துற சனம்னு அவருக்குத் தெரியும்.”

“அப்ப அவருகிட்டயே கையெழுத்து வாங்கிட்டு வரவா?”

“எப்படி வாங்குவ? காலையில பங்களாப் படியில வழுக்கி விழுந்ததிலருந்து அவருதானே நோயாளி! நோயாளி சொல்றது செல்லாது.”

வார்டிலிருந்து டாக்டரின் குரல் வெடித்தது. “வெட்டித் தொலை, பவுலின்! ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன்!”

“பாத்தியா, கெஞ்சுறாரு” என்றார் வேதமுத்து.

பவுலின் அலமாரியைத் திறந்து கட்டு வெட்டும் கத்தரியை எடுத்தாள்.

“நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். கொழுந்து லொறிய வாசலுக்கு வரச் சொல்லுங்க. அதுக்கும் கையெழுத்து வேணும்னா ஒங்களோடதப் போட்டுக்கங்க.”

கத்தரியோடு வார்டுக்குள் நடந்தாள்.