மெதுவான கால்

தண்டுவட மருத்துவமனைக்கு நிதி திரட்டும் ஓட்டம் அது. ஓடுகிறவர் ஷூவில் பொருத்திய கருவி வழியாக, அவர் பாதம் உணர்வதெல்லாம் படுக்கையில் இருக்கும் நோயாளி ஒருவருக்கும் தெரியும். அணித்தலைவி செண்பகவல்லி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத தன் கணவர் துரைராசுவை அணியிலேயே வேகமான ஆளோடு இணைத்திருந்தாள். தானும் ஓடிக்கொண்டிருந்த அவளுக்கு, பாதி வழியில் காதுக்கருவியில் அவர் குரல் கேட்டது.

"என்னை உன் காலுக்கு மாத்திவிடு, செம்பா."

"ஏங்க, நான் கடைசியாத்தானே வருவேன்?"

"வா. கல்யாணம் ஆனதிலேர்ந்து உன் வேகத்துக்குத்தானே நடந்து பழகியிருக்கேன்."

மாற்றினாள். பந்தலைப் பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லைக்கோடு கண்ணில் பட்டது.

"ஷூவுக்குள்ள ஒரு கல்லுங்க. உங்களுக்கும் வலிக்குமே, எடுத்துடட்டுமா?"



"இன்னும் நாலடி குத்தட்டும் செம்பா. அப்புறம் எடு."