இருமல் வந்த நேரம்

"மந்திரி பேசி முடிக்கிற வரைக்கும் இருமாம இருப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி மிலாடா.

கலிவோடா தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் வந்துவிடும்.

அவர்கள் வந்தது சிரிப்புப் படம் பார்க்க. ஆனால் அதற்கு முன் செய்திப் படம் ஓடும். பிராக்கிலிருந்து ஒரு மந்திரி, ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டதால் செக் ஜனங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று விளக்குவார். அவர் வாயைத் திறந்ததும் கொட்டகை முழுக்க இருமல் கிளம்பும். பேச்சு முடிந்ததும் அத்தனை பேருக்கும் குணமாகிவிடும்.

போன மாதம் அறிவிப்பு ஒட்டினார்கள். செய்திப் படம் ஓடும்போது கதவு பூட்டப்படும், பாதி விளக்கு எரியும், இருமுகிறவர் பெயர் எழுதப்படும். எழுதுவதற்கென்றே பின்வரிசையில் ஒரு தொப்பிக்காரர். அவர் நோட்டில் ஏறிய இரண்டு பேர் ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்பப்பட்டு, இன்னும் திரும்பவில்லை.

கலிவோடாவுக்கு வந்திருந்ததோ நிஜமான இருமல். நான்கு நாளாக.

"டிக்கெட்டை யாருக்காவது குடுத்திருக்கலாம்" என்று முனகினார்.

"மூணு வாரம் காத்திருந்து வாங்கினது. வெங்காயச் சாறு குடிச்சீங்கல்ல, பேசாம உட்காருங்க."

டிக்கெட் கிழிக்கும் பர்தாகோவா அம்மாள் கதவுகளைத் தாழிட்டாள். போன வாரம் மட்டும் ஆறு பேரைக் காலரைப் பிடித்து இழுத்துப்போனவள்.

"பாரு, நம்ம ஊர்க்காரி. நம்மளையே பூட்டறா. இவளுக்கு அந்த ஜெர்மன்காரனுங்களே தேவலை."

"ஸ்ஸ்!"

திரையில் மந்திரி வந்தார். கலிவோடா தொடையைக் கிள்ளிக்கொண்டார். கைக்குட்டையைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"நமது மக்கள் இன்று நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்..." என்றார் மந்திரி.

கலிவோடா வெடித்தார். மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது.

தொப்பிக்காரர் பென்சிலை எடுப்பதற்குள் டார்ச் வெளிச்சம் கலிவோடாவின் முகத்தில் விழுந்தது.

"எழுந்திருய்யா!" காலர் பர்தாகோவா கையில்.

"அம்மா, இது நிஜ இருமல்!"

"எல்லாப் பயலும் இதைத்தான் சொல்றான்!"

"மிலாடா, நீயாவது சொல்லேன்!"

மிலாடா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரோ தெரியலை. வந்ததுலேர்ந்து தொந்தரவு."

தொப்பிக்காரர் பாதி எழுந்தார். "பேர் என்ன?"

"நீங்க உட்காருங்க ஐயா, மந்திரி பேசறார்! இவனை நான் எழுதிக்கறேன்!"

பென்சில் பைக்குள் போனது. கலிவோடா படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். இறக்கப்பட்டார் என்பதே சரி. கீழே இருட்டில் ஓர் இரும்புக் கதவு. முடிந்தது கதை என்று நினைத்தார்.

கதவு திறந்தது. கொதிகலன் அறை. கதகதப்பாக இருந்தது. நாலு பேர் கரிப்பெட்டிமேல் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாலு பேருமே முந்தின காட்சியில் இருமிவிட்டு, சீட்டாட்டம் முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள்.

"வாங்க, வாங்க. இன்னும் என்னய்யா இருமறீங்க? இங்க நடிக்க வேணாம்."

"நடிக்கலைய்யா!"

"நிஜமாவா? அப்போ தள்ளி உட்காருங்க. நாங்கெல்லாம் நல்லா இருக்கோம்."

பர்தாகோவா அவர் காலரை நீவிவிட்டாள். "வலிச்சுதா? அந்த ஆள் எதிரே மெதுவாப் பிடிக்க முடியாது. நான் பிடிச்சா அவன் எழுதறதில்லை."

கலிவோடா இருமலுக்கு நடுவே கேட்டார். "என் பேரை... எழுதிட்டீங்களா?"

"'குடிபோதையில் வெளியூர்க்காரன், தப்பி ஓடிவிட்டான்.' இந்த மாசத்துல பதினெட்டாவது ஆள் நீங்க. இந்த ஊருக்குக் குடிகாரனுங்க மட்டும்தான் வர்றாங்களான்னு மேலிடத்துலயே கேக்கறாங்க."

சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"விளக்கு அணைஞ்சு படம் ஆரம்பிச்சதும் பக்கவாசல் வழியா விட்டுடறேன். வேற இடத்துல உட்காருங்க."

கலிவோடா தொப்பியைக் கழற்றினார். "அம்மா... உங்களை நான் என்னென்னவோ பேசியிருக்கேன். எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"ஐயோ, காரியத்தைக் கெடுத்துடாதீங்க!" பர்தாகோவா பதறிப்போனாள். "நாளைக்குக் கடைத்தெருவுல நின்னு என்னை நல்லா, வாய் நிறையத் திட்டுங்க. போன வாரம் வந்தவங்க ரொம்ப மரியாதையாத் திட்டிட்டாங்க."