கோர்ட் கொடுத்த ஞாயிறு

"ஆட்டோ வரும்போதே வீடியோவ ஆரம்பிச்சிடு பலராமா. எவ்ளோ லேட்டுன்னு நாளைக்கு ஜட்ஜம்மா கண்ணால பாக்கட்டும்," என்றான் ஹேமநாத்.

ஆரணிக் கோட்டை மைதானத்தின் ஓரம் நண்பனோடு அவன் காத்திருந்தான். ஞாயிறுதோறும் காலையில் பிரிந்துபோன மனைவி பவித்ரா மகளை இங்கே கொண்டுவந்து அவனிடம் விட வேண்டும், மாலையில் வந்து அழைத்துக்கொள்ள வேண்டும். கோர்ட் உத்தரவு அப்படி. அவள் ஒரு வாரம்கூட நேரத்துக்கு வந்ததில்லை.

"கொழந்தைய வீடியோ எடுக்கறது நல்லாவா இருக்கும்?" என்று இழுத்தான் பலராமன்.

"ஞாயித்துக்கெழமை ஆனா எம்பொண்ணு அழுவுற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்குதாம். அவ பக்கத்து வீட்டுக்காரரே சொன்னாரு. எங்கிட்ட வரக்கூடாதுன்னு அப்டிப் படுத்துறா. நாளைக்கு மனு விசாரணைக்கு வருது. இன்னிக்கி இது ஒண்ணு கெடைச்சா போதும், துர்கா எங்கிட்டயே வந்துடுவா."

ஆட்டோ வந்து நின்றது. பவித்ரா இறங்கினாள். ஒன்பது வயது துர்கா இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பவித்ரா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். அதன் பிறகே துர்கா காலைக் கீழே வைத்தாள்.

"பாத்தியா, ஓதி அனுப்பறா. நல்லா எடு."

ஹேமநாத் மகளைப் பார்க்கவில்லை. நேராகப் பவித்ராவின் முன்னால் போய் நின்றான்.

"கோர்ட்டு உத்தரவுன்னா உனக்கு வெளையாட்டா?"

"லேட்டாயிடுச்சிங்க. மன்னிச்சிக்கோங்க."

"போன வாரம் ஜொரம்ன. அதுக்கு முந்தின வாரம் ஆட்டோ கெடைக்கலன்ன. புளுகிப் புளுகியே எம்பொண்ண எங்கிட்டயிருந்து பிரிக்கப் பாக்கற நீ."

பவித்ராவின் கண்கள் வீங்கியிருந்தன. அவள் கையிலிருந்த பையை நீட்டினாள்.

"தயிர்சாதம் இருக்குதுங்க. மதியம் நீங்களே ஊட்டி விடுங்க. ஊட்டி விட்டா அவளுக்குப் பிடிக்கும்."

"எம்பொண்ண எப்டி வளக்கணும்னு நீ எனக்குக் கிளாஸ் எடுக்காத."

பையை வாங்கிப் பைக்கின் மேல் வீசினான். துர்காவின் தோளைப் பிடித்து பலராமனின் செல்போனுக்கு எதிரே திருப்பி நிறுத்தினான்.

"அப்பா கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். போன வாரம் மாதிரி தலைய தொங்கப் போட்டுகினு நிக்கக் கூடாது, புரியுதா? வீட்டுக்கு யார் யாரு வராங்க? அம்மா போன்ல யார்கூட பேசுது?"

துர்கா செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுன்னா சொல்லு."

பவித்ரா ஓடிவந்து குறுக்கே நின்றாள். "அவள ஒண்ணும் கேக்காதீங்க. எது கேக்கறதா இருந்தாலும் என்னக் கேளுங்க."

"ஏன், பயமா இருக்குதா?"

"ஆமாங்க. பயமாத்தான் இருக்குது."

ஹேமநாத் சிரித்தான். "கேட்டுகினியா பலராமா? அவ வாயாலயே ஒத்துக்கினா. எம்பொண்ணு வாயத் தொறந்தா இவ வண்டவாளம் வெளிய வந்துடும்னு பயம்."

"தயவு பண்ணி வேணாங்க. கேமராவாவது நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தாதடா."

அவன் மகளின் எதிரே மண்டியிட்டான். அன்று முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"துர்கா, அப்பா இருக்கேன். யாரும் உன்ன ஒண்ணும் பண்ண முடியாது. நீ உண்மைய மட்டும் சொல்லு, அப்பா உன்ன நம்ம வீட்டுக்கே கூட்டிகினு போயிடறேன். நீ அப்பாகிட்ட வரும்போதெல்லாம் வீட்ல சண்டை நடக்குதா இல்லியா?"

"நடக்குது."

பவித்ரா மகளைப் பார்த்து, சொல்லாதே என்று தலையசைத்தாள். ஹேமநாத் அதையும் கவனித்தான். கேமரா அதைப் படம்பிடித்ததா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அப்பாகிட்ட போவாதன்னு அம்மா அடிக்குதா?"

துர்கா இல்லையென்று தலையாட்டினாள்.

"பின்ன எதுக்குச் சண்டை?"

"நான் போமாட்டேன்னு அழுவறேன். அம்மாதான் அப்பா பாவம்னு கெஞ்சிக் கெஞ்சி இட்டுகினு வருது."