நாலு நட்டு

"பிரேக் போட்டா ஸ்டீயரிங் நடுங்குதாம். நடுங்காம என்ன செய்யும்? இவ மிதிக்கிற மிதியில காரே பயந்து போயிருக்கு."

கணவன் இதை மெக்கானிக்கிடம் சொன்னபோது மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது. கழற்ற நேரமில்லை, அல்லது தெம்பில்லை.

முந்தின நாள் வேலை முடிந்து வரும் வழியில் அவள்தான் காரைப் பட்டறையில் விட்டுப் போனாள். இன்று காரை எடுக்க அவனும் வந்திருக்கிறான். காருக்காக அல்ல, தீர்ப்புக்காக. மூன்று வாரமாக வீட்டில் நடக்கும் வழக்கு. அவள் கால்தான் குற்றவாளி என்பது அவன் வாதம். அவள் தரப்பு இதுவரை வாயே திறக்கவில்லை.

வாதாட அவனுக்கு நேரம் இருந்தது. வேலை பார்த்த கம்பெனியை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. அந்த ஒன்பது மாதத்தில் சுவரில் அலமாரி மாட்ட ஆரம்பித்தான். இரண்டு ஓட்டையோடு நிற்கிறது. சமையலறைக் குழாயைச் சரிசெய்தான். பிளம்பர் வந்துதான் தண்ணீரை நிறுத்தினார். வேலைக்கு எழுதிய விண்ணப்பங்களைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மெக்கானிக் முகத்துக்காகப் பேசத் தெரியாதவர். "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஓட்டுறதுதான் சரியில்ல" என்று நேருக்கு நேர் சொல்லியே பாதி வாடிக்கையாளர்களை எதிர்ப் பட்டறைக்கு அனுப்பிவைத்தவர். ஆகவே நல்ல நீதிபதி.

கழற்றிய பழைய டிஸ்க்கை மேசையிலிருந்து எடுத்துக் காட்டினார். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக் போட்டால் இதைத்தான் இருபுறமும் கவ்விப் பிடிக்கும். தட்டு கோணியிருந்தால் பிடிக்கும்போது உதறும். அந்த உதறல்தான் ஸ்டீயரிங்குக்கு வருகிறது என்று விளக்கினார்.

"இது முன்பக்கம் இடது வீல்தானே?" கணவன் முகம் மலர்ந்தது. "இதை நான்தான் மாத்தினேன். பஞ்சர். கொட்டுற மழை. ஒத்த ஆளா, ஸ்பேனர் மேல ஏறி நின்னு முடுக்கினேன். நாலு நட்டும் இம்மி அசையாது."

இந்தக் கதையை அவள் தம்பி, மாடி வீட்டுக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் எல்லாரும் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். சிலர் இரண்டு முறை.

"அசையலை சார்," என்றார் மெக்கானிக். "கழட்ட ரெண்டு பேர் வேண்டியிருந்தது."

கணவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். "கேட்டியா?" என்றான் மனைவியிடம்.

"கேட்டேன்."

"சரி, தட்டு எதனால கோணிச்சு?"

மெக்கானிக் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "அழுத்தி மிதிச்சதால சூடாகி வளைஞ்சிருக்கு. மேடம் கொஞ்சம் பதமா மிதிக்கணும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் கணவன், வழக்கில் ஜெயித்த அமைதியோடு. கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று அந்தப் பழமொழி யோசிக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை. "கொஞ்ச நாள் நீ பஸ்ல போ. கார் எங்கிட்ட இருக்கட்டும்."

"சரிங்க."

பஸ் என்றால் இரண்டு பஸ். ஒரு மணி நேரம் முன்னதாக எழ வேண்டும். அவள் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் சொன்னார்: "சார், புது டிஸ்க் கொஞ்சம் கூச்ச சுபாவம். அடுத்த தடவை வீல் மாத்தினா கையால முடுக்குங்க, போதும். மேல ஏறி நிக்க வேணாம். அப்படியே இங்க கொண்டு வாங்க, நான் முடுக்கை அளவு பார்த்துத் தர்றேன்."

ஒரு நிபுணர் இன்னொரு நிபுணருக்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டிவிட்டு, ஓட்டிப் பார்க்க ஒரு சுற்றுக் கிளம்பினான் கணவன்.

கார் தெருமுனை திரும்பும்வரை மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "காலைல போன்ல நீங்க கேட்டுக்கிட்டபடியே சொல்லிட்டேன்மா. ஆனா மனசு ஒப்பலை," என்றார். "ரெண்டு பக்கத்துக்கும் மிதிக்கிறது ஒரே கால்தான். வலது பக்கம் நேரா இருக்கு, இடது மட்டும் எப்படிக் கோணும்? அவர் ஏறி நின்னு முடுக்கின முடுக்கு அது. உள்ளதைச் சொல்லியிருந்தா நீங்க இப்படி பஸ்ல அலைய வேண்டாமே."

கார் திரும்பி வந்தது. பட்டறை வாசலில் பிரேக் போட்டான். ஸ்டீயரிங் நடுங்கவில்லை என்று காட்ட ஒரு கையை எடுத்து ஆட்டினான். அவளும் பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

"ஒன்பது மாசத்துல அவர் ஆரம்பிச்சு முடிச்ச வேலை அந்த நாலு நட்டு மட்டும்தாங்க," என்றாள். "அதையும் கழட்டணுமா?"